மதூரோ பொரிப்பது எப்படி: தோல் கறுக்கும்வரை பொறுத்திருங்கள்

மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிக்காவில் சின்னச் சாப்பாட்டுக் கடைகளுக்கு சோடா என்று பெயர். மதிய நேரத்தில் ஒரு சோடாவில் உட்கார்ந்து காசாதோ கேட்டால், சோறு, கறுப்பு பீன்ஸ், முட்டைகோஸ் சாலட், ஒரு துண்டு கோழியோ மீனோ, அப்புறம் தட்டின் ஓரத்தில் மதூரோ என்கிற பொரித்த வாழைப்பழம் இரண்டு மூன்று துண்டு, எல்லாம் ஒரே தட்டில் வந்து சேரும். முதல் நாள் அந்தப் பழத்துண்டுகளைக் கடைசியில் சாப்பிடலாம் என்று ஒதுக்கி வைத்தேன். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் பீன்ஸ் ஒரு வாய், பழம் ஒரு கடி, திரும்ப பீன்ஸ் என்று மாற்றி மாற்றிச் சாப்பிட்டதைப் பார்த்துத்தான் நானும் அப்படிச் செய்தேன். உப்பும் கொஞ்சம் மண்வாசனையும் உள்ள பீன்ஸுக்குப் பக்கத்தில், ஓரம் கறுகி நடுவில் அல்வா மாதிரி இளகிக் கிடக்கும் அந்தப் பழம் வரும்போது, இரண்டின் சுவையும் கூடுகிறது. இது இனிப்புப் பலகாரம் இல்லை, சாப்பாட்டோடு சேர்ந்த பக்க உணவு. இதை மனதில் வைத்துக்கொண்டால் செய்முறையில் பாதிச் சந்தேகங்கள் தானாகத் தீர்ந்துவிடும்: சர்க்கரை போட வேண்டாம், மாவில் தோய்க்க வேண்டாம், ஏலக்காய் வேண்டாம். பழம், எண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு, அவ்வளவுதான்.

எந்தப் பழம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மத்திய அமெரிக்காவில் அப்படியே உரித்துச் சாப்பிடும் சாதாரண வாழைப்பழம் வேறு, பிளாத்தனோ என்கிற சமையல் வாழை வேறு. பிளாத்தனோ நீளமானது, விளிம்புகள் எடுப்பாகத் தெரியும், தோல் தடிமன், கையில் எடுத்தால் கனமாக இருக்கும். நம்முடைய நேந்திரன் இதே வகையைச் சேர்ந்ததுதான், ஆகவே அதை வைத்துத் தாராளமாகச் செய்யலாம். சாதாரண வாழைப்பழத்தை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள், எண்ணெயில் விழுந்த அரை நிமிடத்தில் கூழாகிவிடும். இதே பிளாத்தனோ பச்சையாக இருந்தால் அது வேறு பண்டம். தடியாக நறுக்கி, ஒருமுறை பொரித்து, தட்டி நசுக்கி, மறுபடி பொரித்தால் அதற்கு கோஸ்டா ரிக்காவிலும் பனாமாவிலும் பதக்கோனெஸ் என்று பெயர். பழுத்ததைப் பொரித்தால்தான் மதூரோ. மதூரோ என்றால் பழுத்தது என்றுதான் அர்த்தம். பெயரில் ஒரு குழப்பம் உண்டு: பனாமாவில் தஹாதாஸ் என்று கேட்டால் பெரும்பாலும் இந்த இனிப்பான பழத்துண்டுகள் வரும், ஹோண்டுராஸில் அதே சொல்லைச் சொன்னால் பச்சைக் காயை மெல்லிசாகச் சீவி மொறுமொறுவென்று பொரித்தது, கோழி வறுவலுக்கு அடியில் பரப்பி வரும். தஹாதா என்பதற்கு சீவிய துண்டு என்றுதான் பொருள், எதைச் சீவினார்கள் என்பதை ஊர்தான் முடிவு செய்கிறது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், பழுக்க வைப்பது. கோஸ்டா ரிக்காவின் தலைநகர் சான் ஹோசேயில் நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா, நான் சந்தையிலிருந்து தளதளவென்று மஞ்சளாக வாங்கி வந்த பழங்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டு "தொதவியா நோ" என்றார். இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். அடுத்த ஐந்து நாளும் தினம் காலையில் அதையே சொன்னார். ஆறாவது நாள் தோல் ஏறக்குறைய முழுக்கக் கறுத்து, பார்ப்பதற்குக் குப்பையில் போட வேண்டியது போல ஆன பிறகுதான் வாணலியை எடுத்தார். அன்று சாப்பிட்டதைத்தான் இன்றுவரை அளவுகோலாக வைத்திருக்கிறேன்.

இதில் பிடிவாதம் எதுவும் இல்லை, காரணம் இருக்கிறது. பச்சைக் காயில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. பழுக்கும்போது அதற்குள் இருக்கும் நொதிகள் அந்த மாவுச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாற்றுகின்றன. சாதாரண வாழைப்பழத்தில் இது விரைவாக முடிந்துவிடும், தோல் மஞ்சளானாலே சாப்பிடலாம். பிளாத்தனோவில் அது மெதுவாக நடக்கிறது, தோல் முழுக்க மஞ்சளான பிறகும் உள்ளே நிறைய மாவுச்சத்து மிச்சம் இருக்கும். அந்த நிலையில் பொரித்தால் உருளைக்கிழங்குக்கும் பழத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்று கிடைக்கும், தொண்டையில் அடைக்கும். கறுப்புப் புள்ளிகள் பரவி மஞ்சளும் கறுப்பும் பாதிக்குப் பாதி ஆனால் சுமாராக வரும், துண்டு உடையாமல் நிற்கும். முக்கால்வாசிக்கு மேல் கறுத்து, கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து மெதுவாக எழுந்தால் அதுதான் சரியான நேரம். தோல் முழுக்கக் கறுத்தாலும் பயப்பட வேண்டாம், இன்னும் நல்லது. தூக்கிப்போட வேண்டியது எப்போது என்றால், காம்பில் பூஞ்சை தெரியும்போது, அல்லது தோல் வெடித்து நீர் கசியும்போது, அல்லது புளித்த கள் வாடை அடிக்கும்போது.

பச்சையாக வாங்கினால் பத்து நாள், இரண்டு வாரம்கூட ஆகலாம், வீட்டின் வெப்பத்தைப் பொறுத்தது. அவசரமென்றால் காகிதப் பையில் ஒரு பழுத்த ஆப்பிளோடு சேர்த்து மூடி வையுங்கள், அந்தப் பழம் விடும் எத்திலீன் வாயு இதையும் பழுக்க வைக்கும். பிளாஸ்டிக் பை வேண்டாம், வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ஃபிரிட்ஜில் வைத்துப் பழுக்க வைப்பது என்று ஒன்று கிடையவே கிடையாது. சுமார் 13 டிகிரிக்குக் கீழே போனால் வாழைக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது, தோல் கறுத்துவிடும், உள்ளே பழுப்பது நின்றுபோகும். பார்த்தால் நன்றாகப் பழுத்த பழம் மாதிரியே இருக்கும், வெட்டினால் வெளிறிப்போய் கெட்டியாக இருக்கும். கடையில் கறுத்த பழம் வாங்கும்போதும் இதற்காகத்தான் அழுத்திப் பார்க்க வேண்டும், நிறம் மட்டும் போதாது. ஓவனில் வைத்துச் சூடாக்கிப் பழுக்க வைக்கும் குறுக்குவழியும் அப்படித்தான், தோல் கறுக்கும், பழம் இளகும், ஆனால் சூட்டில் நொதிகள் செயலிழந்துவிடுவதால் இனிப்பு அந்த அளவுக்கு ஏறாது. காத்திருப்பதற்கு மாற்று இல்லை. ஆனால் நன்றாகப் பழுத்து முடிந்த பிறகு ஃபிரிட்ஜில் மூன்று நான்கு நாள் வைக்கலாம், அப்போது கேடில்லை.

நாலு பேருக்குப் பக்க உணவாக இரண்டு பெரிய பழம் போதும். இரு முனைகளையும் வெட்டி எடுத்துவிட்டு, விளிம்பு ஓடும் இடத்தில் கத்தி நுனியால் தோலை மட்டும் நீளமாகக் கீறி, தோலைப் பக்கவாட்டில் பிரித்து எடுங்கள். முனையிலிருந்து இழுத்தால் இளகிய பழம் தோலோடு சேர்ந்து பிய்ந்து வரும்.

நறுக்குவதில் இரண்டு வழி. ஒன்று, கத்தியைச் சாய்வாகப் பிடித்து ஒரு விரல் தடிமனுக்கு, அதாவது ஒன்றிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டருக்கு, நீள்வட்டமாக நறுக்குவது. இன்னொன்று, பழத்தைக் குறுக்கே பாதியாக்கி ஒவ்வொரு பாதியையும் நீளவாக்கில் மூன்று பட்டையாகச் சீவுவது. பட்டையாகச் சீவினால் தட்டில் அழகாகக் கிடக்கும், ஆனால் நன்றாகக் கறுத்த பழத்தில் திருப்பும்போது நடுவில் ஒடிந்துவிடும். அதனால் பழம் எவ்வளவு கனிந்திருக்கிறதோ அவ்வளவு தடியான, குட்டையான துண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிசாக நறுக்கவே வேண்டாம், உள்ளே இளகுவதற்கு முன்னால் வெளியே கருகிவிடும்.

வாணலி அடி கனமாக, தட்டையாக இருக்கட்டும். பழகிய இரும்பு வாணலியோ ஒட்டாத வாணலியோ நல்லது. ஸ்டீல் பாத்திரத்தில் சர்க்கரை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் அரை சென்டிமீட்டர் உயரம் இருந்தால் போதும், துண்டு முழுக வேண்டியதில்லை, பாதி நனைந்தால் சரி. சூரியகாந்தி, பாமாயில் என்று வாசனை அதிகம் இல்லாத எது வேண்டுமானாலும் ஊற்றலாம். மத்திய அமெரிக்கக் கிராமங்களில் பன்றிக்கொழுப்பில் பொரிக்கும் பழக்கம் உண்டு. கரீபியக் கரைப் பக்கம், கோஸ்டா ரிக்காவின் லிமோன் போன்ற இடங்களில், தேங்காய் எண்ணெய் வாசமும் வரும், சோறும் பீன்ஸும்கூட அங்கே தேங்காய்ப் பாலில்தான் வேகும். கடைசியில் ஒரு சின்னத் துண்டு வெண்ணெய் சேர்த்தால் மணம் நன்றாக இருக்கும், முதலிலேயே போட்டால் வெண்ணெய் கருகும்.

தீதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பச்சைக் காய்க்குக் கொதிக்கும் எண்ணெய் சரி, மதூரோவுக்கு அது ஆகாது. இந்தப் பழத்தில் அவ்வளவு சர்க்கரை இருக்கிறது, எண்ணெய் 180 டிகிரியைத் தாண்டினால் ஒரு நிமிடத்தில் வெளிப்பக்கம் கறுத்துக் கசந்துவிடும், நடுப்பகுதி அப்படியே பச்சையாக இருக்கும். 160 முதல் 170 டிகிரி, அதாவது மிதமான தீக்கும் கொஞ்சம் கீழே. வெப்பமானி இல்லையென்றால் ஒரு துண்டின் நுனியை எண்ணெயில் தொட்டுப் பாருங்கள். சுற்றிச் சின்னச் சின்னக் குமிழிகள் நிதானமாக வந்தால் சரியான சூடு. சடசடவென்று பொங்கினால் தீயைக் குறைத்து இரண்டு நிமிடம் பொறுங்கள். ஒன்றுமே நடக்கவில்லை என்றால் இன்னும் சூடாகவில்லை, அப்போது போட்டால் பழம் எண்ணெயைக் குடித்துவிடும்.

துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பிப் போடுங்கள். ஐந்தாறு துண்டுக்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம், எண்ணெய் ஆறிவிடும். போட்ட பிறகு கையை எடுத்துவிடுங்கள். கரண்டியால் நகர்த்தி நகர்த்திப் பார்க்கும் ஆசை எனக்கும் வரும், ஆனால் அடியில் ஒரு மெல்லிய பழுப்புத் தோல் கட்டுவதற்குள் நகர்த்தினால் துண்டு கிழிந்துவிடும். இரண்டு மூன்று நிமிடத்தில் ஓரங்கள் தேன் நிறமாக மாறும், அதைப் பார்த்ததும் ஒரு தட்டைக் கரண்டியை அடியில் முழுக்கச் செருகி, முள்கரண்டியால் மேலே தாங்கிப் பிடித்துத் திருப்புங்கள். அடிப்பக்கம் ஆழ்ந்த பழுப்பாக, இங்கங்கே கறுப்புக் கோடுகளோடு இருந்தால் சரி. பொன்னிறம் போதாது, வெல்லப்பாகு நிறம் வர வேண்டும். இரண்டாவது பக்கம் சீக்கிரம் ஆகும், ஒன்றரை நிமிடத்திலேயே பார்க்க ஆரம்பியுங்கள், இரண்டைத் தாண்ட விடாதீர்கள். முதல் ஈடு எடுத்ததும் எண்ணெயில் மிதக்கும் கறுப்புத் துணுக்குகளை வழித்து எடுத்துவிட்டுத்தான் அடுத்ததைப் போட வேண்டும், அவை கருகிய சர்க்கரை, அடுத்த ஈட்டுக்குக் கசப்பு ஏற்றும்.

எடுத்ததைக் கம்பி வலைத் தட்டில் வையுங்கள். காகிதத்தில் வைத்தால் ஆறும்போது அந்தப் பாகு காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு, பிய்த்து எடுக்கும்போது நல்ல பகுதியெல்லாம் அதோடு போய்விடும். வலை இல்லையென்றால் காகிதத்தில் அரை நிமிடம் மட்டும் வைத்து உடனே தட்டுக்கு மாற்றிவிடுங்கள். சூடு இருக்கும்போதே மேலே ஒரு சிட்டிகை உப்பு. ஒருமுறை உப்போடும் ஒருமுறை உப்பில்லாமலும் சாப்பிட்டுப் பாருங்கள், ஏன் சொல்கிறேன் என்று தெரியும்.

சரி, பொறுமை இல்லாமல் மஞ்சள் பழத்தையே பொரித்துவிட்டீர்கள், நடுவில் கெட்டியாக இருக்கிறது என்றால் வழி உண்டு. எண்ணெயை வடித்துவிட்டு, வாணலியைச் சற்று ஆற விட்டு, துண்டுகளைத் திரும்பப் போட்டு இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரை ஓரமாக ஊற்றி, மூடி போட்டு, சின்னத் தீயில் இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். ஆவியில் இளகிவிடும். இனிப்பு அதிகமாகாது, ஆனால் சாப்பிடலாம். எதிர்ப்பக்கத் தவறு, பழம் அளவுக்கு மீறிக் கனிந்து நறுக்க முடியாமல் குழைவது. அதைப் பொரிக்க முயலவே வேண்டாம். அப்படிப்பட்ட பழத்துக்கு குவாத்தமாலாவில் ரெயெனித்தோஸ் என்று ஒன்று செய்கிறார்கள்: பழத்தை வேக வைத்து மசித்து, நடுவில் இனிப்புச் சேர்த்த கறுப்பு பீன்ஸ் விழுதை வைத்து, முட்டை வடிவத்தில் உருட்டிப் பொரிப்பது. எல் சால்வடோரில் பீன்ஸுக்குப் பதில் பால் கஸ்டர்டு வைத்துப் பொரித்து அதை எம்பனாதா என்கிறார்கள்.

எண்ணெயில் பொரிக்க வேண்டாம் என்பவர்கள் துண்டுகளில் கொஞ்சம் எண்ணெய் தடவி ஓவனில் 200 டிகிரியில் இருபது நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட்டு வைக்கலாம். நன்றாகவே இருக்கும், ஆனால் அந்த ஓரத்துக் கறுகல் வராது.

இனி எதோடு சாப்பிடுவது. இதைச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாக ஆகும், ஏனென்றால் மதூரோ தனியாக நிற்கும் பண்டம் இல்லை. குவாத்தமாலாவில் காலை உணவுத் தட்டில் முட்டை, கறுப்பு பீன்ஸ் விழுது, உப்புப் பாலாடைக்கட்டி, கிரேமா என்கிற புளிப்பேறிய பாலேடு, தோர்த்தியா என்கிற மக்காச்சோள ரொட்டி, இவற்றோடு பொரித்த பிளாத்தனோ. எல் சால்வடோரிலும் ஏறக்குறைய இதே தட்டுதான், ஆனால் பீன்ஸ் சிவப்பு, சோற்றோடு கலந்து வறுத்தால் அதற்குக் காசமியெந்தோ என்று பெயர். காசமியெந்தோ என்றால் கல்யாணம், கோஸ்டா ரிக்காவின் காசாதோவுக்கு அர்த்தம் கல்யாணமானவர். இரண்டு நாட்டிலும் சோறும் பீன்ஸும் சேர்ந்ததற்கு இதே உறவின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள், எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது. நிகராகுவாவில் சாயங்காலம் தெருவோரத்தில் ஃபிரித்தாங்கா என்கிற வறுவல் கடைகள் அடுப்பு மூட்டும். சுட்ட மாட்டிறைச்சி, சோறும் சிவப்பு பீன்ஸும் கலந்த காயோ பிந்தோ, புளித்த முட்டைகோஸ் சாலட், பொரித்த பாலாடைக்கட்டி, மதூரோ, எல்லாவற்றையும் வாழை இலை மேல் வைத்துக் கொடுப்பார்கள். பொரித்த பாலாடைக்கட்டியையும் மதூரோவையும் ஒரே கடியில் சாப்பிடுவதுதான் இந்தப் பக்க உணவின் உச்சம் என்பது என் கருத்து. ஹோண்டுராஸில் மேலே ஊற்றுவதற்கு மந்தேகியா கேட்டால் வெண்ணெய்க் கட்டி வராது, உப்புப் போட்ட கெட்டிப் பாலேடு வரும், அதுதான் இதற்கு வேண்டியது.

யோசித்தால் இந்தத் தட்டில் பீன்ஸும் மக்காச்சோளமும்தான் அந்த மண்ணில் விளைந்தவை. நெல்லும் மாடும் பாலாடைக்கட்டியும் ஸ்பானியர் வழியாக வந்தவை. வாழை 1516இல் தோமாஸ் தே பெர்லாங்கா என்ற பாதிரியாரோடு கானரித் தீவுகளிலிருந்து கரீபியக் கடலின் ஹிஸ்பானியோலா தீவுக்கு வந்து, அங்கிருந்து அமெரிக்கக் கண்டத்துக்குப் பரவியது என்கிறது வரலாறு. வெளியிலிருந்து வந்த பழம் அந்த ஊர் பீன்ஸோடு சேர்ந்த பிறகு இன்று ஒன்றில்லாமல் இன்னொன்றை யோசிக்க முடியவில்லை.

அதனால் பீன்ஸையும் செய்துவிடுங்கள், கடினமில்லை. ஒரு கோப்பை கறுப்பு பீன்ஸை இரவு ஊற வைத்து, பாதி வெங்காயமும் இரண்டு பல் பூண்டும் சேர்த்து மெத்தென்று வேக வைத்து, உப்புப் போட்டு, வேகவைத்த தண்ணீர் கொஞ்சத்தோடு அரைத்துக்கொள்ளுங்கள். வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் பொடியாக நறுக்கிய வெங்காயத்தை நன்றாகச் சிவக்க வறுத்து, விழுதை ஊற்றிக் கிளறிக்கொண்டே இருந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வாணலியை விட்டுச் சுருண்டு வரும். குவாத்தமாலாவில் இதற்கு ஃபிரிஹோலெஸ் வோல்தேயாதோஸ், புரட்டிப்போட்ட பீன்ஸ், என்று பெயர். வாணலியைச் சாய்த்துப் புரட்டி ஒரு உருளையாகவே தட்டில் இறக்குவார்கள். கிரேமா கிடைக்காவிட்டால் கெட்டித் தயிரும் ஃபிரெஷ் கிரீமும் சரிபாதி கலந்து உப்புப் போடுங்கள். கேசோ ஃபிரெஸ்கோ என்கிற அந்தப் பாலாடைக்கட்டிக்கு, பனீரை உதிர்த்துத் தாராளமாக உப்புப் பிசிறி அரை மணி நேரம் வைத்தால் கிட்டத்தட்ட அந்த இடத்தை நிரப்பும்.

பனாமாவில் இதையே இன்னும் இனிப்பாக்கி பிளாத்தனோ என் தெந்தாசியோன் என்று செய்கிறார்கள், ஆசை காட்டும் வாழைப்பழம் என்று சொல்லலாம். கறுத்த பழத்துண்டுகளை வெண்ணெயில் இரண்டு பக்கமும் லேசாகச் சிவக்க வைத்து, கரும்பு வெல்லம் மூன்று மேசைக்கரண்டி, ஒரு பட்டைத் துண்டு, அரைக் கோப்பை தண்ணீர் சேர்த்துச் சின்னத் தீயில் பாகு கெட்டியாகும்வரை, பதினைந்து இருபது நிமிடம் விட வேண்டும். இவ்வளவு இனிப்பாக இருந்தும் அங்கே இதையும் சோற்றோடும் கோழிக் குழம்போடும் சேர்த்துத்தான் பரிமாறுகிறார்கள். குழம்பு காரசாரமாக, உப்பு தூக்கலாக இருக்கும் நாளில் இதைச் செய்யுங்கள், சாதாரண நாளுக்கு வெறும் மதூரோவே போதும்.

நிறையப் பழம் ஒரே நேரத்தில் கறுத்துவிட்டால் உரித்து, நறுக்கி, தட்டில் ஒட்டாமல் பரப்பி உறைய வைத்து, பிறகு பையில் போட்டு ஃபிரீசரில் வைத்துக்கொள்ளலாம், இரண்டு மாதம் தாங்கும். பொரிக்கும் முன் அறை வெப்பத்துக்கு வரவிட்டு ஈரத்தை ஒற்றி எடுக்க மறக்காதீர்கள், உறைந்த நீர் சூடான எண்ணெயில் தெறிக்கும். பொரித்தது மீந்தால் மைக்ரோவேவில் வைக்காதீர்கள், தொளதொளவென்று ஆகிவிடும். எண்ணெய் விடாமல் வாணலியைச் சின்னத் தீயில் சூடாக்கி, துண்டுகளை அடுக்கி, மேலே கொஞ்சம் பாலாடைக்கட்டியை உதிர்த்து, அது இளகும்வரை மூடி வையுங்கள். காயோ பிந்தோவே முந்தின நாள் சோற்றிலும் பீன்ஸிலும் செய்வதுதான், அதனால் மறுநாள் காலையில் அதைப் பக்கத்து அடுப்பில் போட்டுவிட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் தயாராகிவிடும்.